வேனில் ஏறாதவளின் சாமான் பை

ஞானதீபத்துக்கு ஊரில் யாரையுமே பிடிக்காது என்று முத்தையாபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவளுக்குப் பிடித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அவளுடைய அப்பா, செத்துப்போனார். இன்னொருத்தி மகள், கல்யாணமாகிச் சாத்தான்குளத்துக்குப் போய்விட்டாள். மூன்றாவது, அந்த மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். சைக்கிளை எப்படி ஆளோடு சேர்ப்பது என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும்.

வயது நாற்பத்தெட்டு. பிறந்தது ஆறுமுகநேரியில். அப்பாவும் அம்மாவும் அளத்தில் உப்பு வாரியவர்கள், பதினான்கு வயதில் அவளும் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். இருபதில் தூத்துக்குடிக்கு, இந்த முத்தையாபுரத்துக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஊர் மாறியது, பாத்தி மாறவில்லை. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் வாருபலகை. புருஷன் ஜெபசிங் துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டி. நல்ல மனுஷன்தான். ஆனால் எதற்கும் சண்டை வேண்டாம் என்பான். அப்படிப்பட்டவனோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்று நடத்தினவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுடைய முழுநேர எதிரி செல்லப்பாண்டி. அவளைவிட எட்டு வயது இளையவன். அளத்துக்குப் போகிற ரோடு பிரியும் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அந்த முக்கைத் தாண்டி ஒரே அளத்துக்கு வேலைக்குப் போன பெண்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சைக்கிள். உப்புக்காற்றில் சைக்கிள் என்ன பாடுபடும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செயின் துருப்பிடிக்கும், ரிம் பொரிந்து உதிரும், சக்கரத்துப் போக்ஸ் கம்பி தும்மினால் ஒடியும். செல்லப்பாண்டிக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. பிறகு அவன் ஒரு பழைய வேனை வாங்கிக் கடை வாசலிலேயே நிறுத்தி, அளத்துக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தான். அன்றிலிருந்து சைக்கிள்கள் சாக ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக அவன் கடைக்குள் போகும். இன்று வா, நாளை வா என்று இழுத்தடிப்பான். திரும்பி வந்தது நாலு நாள் ஓடிவிட்டு மறுபடி படுக்கும். கடைசியில், சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “இது இனிமே தேறாதுக்கா, வேன்ல ஏறிக்கோங்க” என்பான். இரண்டே வருஷத்தில், ஞானதீபத்துடையதும் சேர்த்து, பன்னிரண்டு சைக்கிள்களும் கொல்லைப்புறத்தில் கோழி உட்காரும் இடமாகிவிட்டன.

ஞானதீபமும் கொஞ்ச நாள் அந்த வேனில் போனவள்தான். போன வருஷம் ஒரு நாள், இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகிற துறைமுக ரோட்டில், செல்லப்பாண்டி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான். “ஏலே, போன வச்சிட்டு ஓட்டுலே. உள்ள பன்னெண்டு உசுரு இருக்கு” என்றாள் ஞானதீபம். அவன் வேனை ஓரமாகக்கூட ஒதுக்கவில்லை. அப்படியே நிறுத்தி, கதவைத் திறந்து, “பயந்தவ எறங்கிக்கோ” என்றான். ‘அக்கா’ என்றுகூட இல்லை, ‘பயந்தவ’.

அவள் மற்றப் பதினோரு பேரையும் பார்த்தாள். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துத் தெருச் செல்வராணி, ஞானதீபத்தின் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவள் என்றே சொல்லலாம், அவள் ஜன்னல் வழியாக லாரி நம்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வாயிலும் கொழுக்கட்டை. ஞானதீபம் இறங்கினாள். புழுதிக்குள் நடந்தே அளத்துக்குப் போனாள். இனி அந்த வேன் படியில் கால் வைத்தால் தன் பெயர் ஞானதீபம் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். மகளுடைய சைக்கிளைத் துடைத்து எடுத்தது அதற்குப் பிறகுதான்.

சைக்கிள் இருந்தால் போதுமா, அதைப் பார்க்க ஆள் வேண்டாமா? மூன்று மைல் சுற்றளவுக்குச் சைக்கிள் கடை என்று இருந்தது செல்லப்பாண்டியுடையது மட்டும்தான். கடைக்கு வந்தவளை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டிக் கொடுத்தான். அந்த ஒட்டு மறுநாள் காலையில், சரியாகப் பாதி வழியில், வாயைப் பிளக்கும்.

முன்பு என்றால் பத்து நிமிஷம் பிந்திப் போனால் கங்காணி நாலு வார்த்தை ஏசுவான், அதோடு சரி. இந்த வருஷம் அளத்துக் கம்பெனி ஒரு மெஷினைக் கொண்டுவந்து மோட்டார் ரூம் சுவரில் மாட்டியது. முதலில் விரல் வைக்கிற மெஷின். உப்பு வாரி வாரி இந்தப் பெண்களுடைய விரலில் ரேகையே கிடையாது. மெஷின் யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டது. பிறகு முகம் காட்டுகிற மெஷின் வந்தது. காலை ஆறு மணிக்குள் அதன் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். ஆறு தாண்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். கங்காணி கெஞ்சினாலும் திறக்காது. அன்றைக்கு வேலை இல்லை. மாதத்தில் மூன்று நாள் அப்படி ஆனால் பெயரே பட்டியலில் இருந்து போய்விடும்.

வைகாசி மாதம் பிறந்த பத்து நாளுக்குள் செல்லப்பாண்டியின் ஒட்டு ஞானதீபத்துக்கு இரண்டு நாளைத் தின்றிருந்தது.

இரண்டாவது நாள் அவள் வீட்டுக்குத் திரும்பிச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூப்பை உருவி, வாய் பிளந்த ஒட்டைப் பிய்த்துப் பார்த்தாள். அதற்கு அடியில் ரப்பர் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. உப்புத்தாள் படவே இல்லை. பதினைந்து வருஷமாக அவன் கடை வாசலில் நின்று பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தவள் அவள். டியூப்பைச் சொரசொரப்பாகத் தேய்க்காமல் ஒட்டினால் நிற்காது என்று அவளுக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா? பின் சக்கரத்து நட்டைப் பார்த்தாள், விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது, அளவு சேராத ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறான். டயரின் ஓரத்தில் திருப்புளி கீறின தடம் மூன்று இடத்தில். சைக்கிளை அவன் ரிப்பேர் பார்க்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தான்.

“வேன்ல போனா என்ன கெட்டுப்போச்சு? ஊரே போகுதுல்லா?” என்றான் ஜெபசிங்.

“ஊரு போற எடத்துக்கு நீங்க போங்க.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் டவுன் பஸ் ஏறினாள். ஜெபக்கூட்டத்துக்கு வராததற்கு ஆள் விட்டுக் கேட்பார்கள், கேட்கட்டும். மழுங்காத முன் சக்கரத்து நட்டு ஒன்றும், பெடல் கட்டையை அச்சோடு பிடித்துவைக்கும் ஆணி ஒன்றும் முந்தானையில் முடிந்திருந்தாள். அந்த ஆணியைக் கடைக்காரர்கள் காட்டர் பின் என்பார்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஹார்டுவேர் கடையை நடத்தியவர் முஹ்யித்தீன். காயல்பட்டினத்துக்காரர், சவூதியில், தம்மாமில் பதினாறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். சாமான் விஷயத்தில் தன்னை ஒருவரும் அசைக்க முடியாது என்ற நினைப்பு அவருக்கு உண்டு. வீட்டில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கச் சாமான் வேண்டும் என்று அவள் சொன்னதும், பளபளக்கும் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே இருபத்துநாலு உருப்படி, ஒவ்வொன்றும் அதனதன் குழியில் படுத்துக்கொண்டிருந்தது.

“எல்லாம் இதுலயே இருக்கும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஞானதீபம் முடிச்சை அவிழ்த்து நட்டை எடுத்தாள். பெட்டியில் இருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து நட்டில் மாட்டிப் பார்த்தாள். ஒன்று ஏறவில்லை. அடுத்தது தொளதொளவென்று சுற்றியது. இருபத்துநாலில் நட்டுக்குச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் வளைந்த கம்பிகள், ஆறு மூலைக் குழி உள்ள திருகாணிக்கு ஆனவை. அவள் சைக்கிளில் அப்படி ஒரு திருகாணியே கிடையாது.

“இது யார் சைக்கிளுக்கு பாய்?”

“கியர் சைக்கிளுக்கும்மா. இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க.”

“அப்பம் அவுகளுக்குக் குடுங்க. எனக்கு இந்த நட்டுக்கு வேணும்.”

அவர் முகம் சுருங்கியது. வாயைத் திருகி அளவு மாற்றிக்கொள்ளும் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். எந்த நட்டுக்கும் சேரும் என்றார். ஞானதீபத்துக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. செல்லப்பாண்டி கையில் எப்போதும் இருந்தது அதுதான். பாதித் திருகலில் வாய் தளர்ந்து, நட்டின் மூலையைச் சீவிவிடும். “இது வேண்டாம்” என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “இதுதான் என் நட்டத் தின்னது” என்றாள். கடைசியில் கடையின் அடித்தட்டில், தூசிக்குள் கிடந்த கறுப்பு இரும்பு ஸ்பேனர் ஒன்று நட்டில் சிக்கென்று உட்கார்ந்தது. பக்கத்திலேயே வெள்ளி முலாம் பூசினது ஒன்று, அதே அளவு. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கறுப்பையே எடுத்துக்கொண்டாள். முலாம் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் பொரிந்து உரியும், உரிந்த இடத்துக்குள் துரு புகுந்துவிடும். கறுப்பு இரும்பு எண்ணெய் தடவத் தடவக் குடித்துக்கொள்ளும்.

டயரைக் கழற்றும் பட்டைக்கும் சண்டை. பிளாஸ்டிக்கில் நீலக் கலரில் மூன்று கொடுத்தார். அவள் ஒன்றை லேசாக வளைத்தாள். “அளத்து வெயில்ல இது அப்பளமா நொறுங்கும்” என்றாள். இரும்பில் வேண்டும், முனை மொண்ணையாக இருக்க வேண்டும், டியூப்பைக் கடிக்கக்கூடாது. இருந்த இரும்புப் பட்டையின் முனை கூராக இருந்தது. அங்கேயே, கடைப் படிக்கல்லில் குந்தி, அதைத் தேய்க்க ஆரம்பித்தாள். வந்த ஆட்களெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று.

“ஏம்மா, நீங்க சாமான் வாங்க வந்தியளா, சண்ட வாங்க வந்தியளா?”

“நல்ல சாமான் கெடச்சா சண்ட எதுக்கு பாய்?”

பம்பை வாங்கும் முன்பே கழற்றிக் காட்டச் சொன்னாள். உள்ளே இருக்கும் வாஷர் தோலா பிளாஸ்டிக்கா என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. அவர் தம்மாமை இழுத்தார், அங்கே எல்லாம் இப்படிக் கழற்றிக் காட்டச் சொல்ல மாட்டார்கள் என்றார். “அப்பம் தம்மாம்லயே கடை வச்சிருக்கலாம்லா” என்றாள். காட்டர் பின்னைக் கழற்றச் சுத்தியல் கேட்டாள். அதோடு முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு சாண் துண்டும் கேட்டாள். அதுவரை கடுப்பாக இருந்த மனுஷர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பின்னைச் சும்மா அடித்தால் அச்சு நொந்துபோகும். பெடல் கட்டைக்கு அடியில் பைப்பை முட்டுக் கொடுத்து அடித்தால்தான் ஆணி மட்டும் இறங்கும். அது தொழில்காரனுக்குத்தான் தெரியும். பைப் துண்டை அறுத்து, பிசிறையும் அவரே தேய்த்துக் கொடுத்தார். ஆனால் ரப்பர் சொல்யூஷன், ஒட்டுகிற துண்டு, வால்வு டியூப் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, உப்புத்தாளில் சொரசொரப்பான ரகத்தைத்தான் தர வேண்டும் என்று அவள் மூன்று ரகத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தபோது, “தாயி, எடுத்துக்கிட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கும்பிட்டுவிட்டார்.

இரும்புப் பெட்டி வேண்டாம் என்று வந்துவிட்டாள். பெட்டியே துருப்பிடித்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? வீட்டில் ஜெபசிங்கின் பழைய காக்கி பேன்ட்டில் ஒரு காலை வெட்டி, அடியைத் தைத்து, உள்பக்கம் விளக்கெண்ணெய் தோய்த்த துணியைப் போட்டுச் சாமான்களை அடுக்கினாள். வாயைச் சுருக்கி நாடாவால் கட்டினாள். அது இன்னும் ஒரு வருஷம் உழைக்கும் பேன்ட் என்று ஜெபசிங் சொன்னான். “இப்பமும் உழைக்கத்தான் போகுது” என்றாள் அவள். அன்றைக்கே பின் சக்கரத்து மழுங்கின நட்டை எடுத்துவிட்டு, வாங்கிவந்த புது நட்டைப் போட்டு, டியூப்பை அவளே ஒட்டி, ஓட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் காற்று இறங்கவில்லை. செல்லப்பாண்டி கடை வழியாக வேண்டுமென்றே இரண்டு தடவை மணி அடித்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், முன் சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. டயரில் உடைமுள் ஒன்று, நேராக, அடி வரை இறங்கியிருந்தது. அளத்து வழியில் உடைமரம் நிறைய உண்டுதான். ஆனால் ஓடுகிற டயரில் குத்தும் முள் சாய்ந்து குத்தும். இதைக் கையால் அழுத்தி இறக்கியது போல இருந்தது. வேனில் சாய்ந்துகொண்டு செல்லப்பாண்டி பல் குத்திக்கொண்டிருந்தான்.

“யக்கா, எடம் இருக்கு” என்றான்.

வேனுக்குள் பதினோரு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதீபம் கேரியரிலிருந்து காக்கிப் பையை எடுத்து அவிழ்த்தாள். டயரைக் கழற்றினாள், டியூப்பை உருவினாள், காற்றடித்தாள். ஓட்டை எங்கே என்று பார்க்க அதைப் பக்கத்துப் பாத்தியில் முக்கினாள். முட்டை முட்டையாகக் காற்று வந்த இடத்தைக் கண்டுபிடித்து, சட்டை நுனியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினாள். கால்மணி நேரம் ஆகவில்லை. செல்லப்பாண்டியின் பல் குத்தும் குச்சி வாயிலேயே நின்றது. அவன் மூக்கு அறுபட்டது பதினோரு பேர் முன்னால் நடந்தது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

மறுநாள் விடியற்காலம் ஐந்து இருபதுக்கு, துறைமுக ரோட்டில், பாலம் தாண்டியதும், முன் சக்கரம் தடதடவென்று ரிம்மில் ஓட ஆரம்பித்தது.

இறங்கி டியூப்பை எடுத்தாள். அவளே ஒட்டின ஒட்டு, செல்லப்பாண்டியின் ஒட்டைப் போலவே வாய் பிளந்திருந்தது. பிய்த்தாள். அடியில் மாவு தூவினது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு.

தன் மேலேயே அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பத்துநாலு வருஷம் அந்தப் பாத்தித் தண்ணீருக்குள் நின்றவளுக்கு அது தண்ணீர்தான். முகம் கழுவ மாட்டாள், குடிக்க மாட்டாள், ஆனால் தண்ணீர் இல்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. காய்ந்ததும் அது டியூப்பில் உப்பாகப் பொரிந்துவிட்டது. துடைத்த சட்டையோ, நட்டுவைத்தால் தானே நிற்கும், அவ்வளவு உப்பு அதில். எதிரி செய்ய வேண்டியதை அவளே செய்துவைத்திருந்தாள். இன்றைக்குப் போகாவிட்டால் மூன்றாவது நாள். பெயர் போய்விடும்.

பின்னால் ஹாரன் கேட்டது. செல்லப்பாண்டி வேனை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். மணி ஐந்தரை.

“என்னக்கா, ஒங்க ஒட்டுமா பிச்சிக்கிச்சு? அய்யோ பாவம். ஏறுங்க, சைக்கிள மேல போட்டுருவோம்.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்றுதான், அன்றைக்குக் குடிப்பதற்குக் கொண்டுவந்த இரண்டு லிட்டர் பாட்டில். அளத்தில் குடிதண்ணீர் கிடையாது, அவரவர் கொண்டுபோவதுதான். மத்தியானம் வரை அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். மூடியைத் திறந்து டியூப்பின் மேல் ஊற்றினாள். ஊற்றி ஊற்றி விரலால் தேய்த்தாள். பாட்டில் காலியாகும் வரை ஊற்றினாள். காலையில்தான் கொடியிலிருந்து எடுத்த தலைத்துண்டால் ஒற்றி எடுத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள். சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை ஊதி, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினாள்.

“சும்மா வீம்பு பண்ணாதீங்க. கடைசியில எங்கிட்டத்தான் வரணும்” என்றான் செல்லப்பாண்டி. வேனை எடுக்கவில்லை. அவள் கெஞ்சுவதைப் பார்க்காமல் போக அவனுக்கு மனசில்லை. ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

“மணி அஞ்சே முக்கால் ஆவுது, எடுலே” என்று உள்ளே ஒருத்தி சத்தம் போட்டாள்.

“இருங்கக்கா. கங்காணி நம்ம ஆளு. நான் பாத்துக்கிடுதேன். அக்கா ஏறட்டும்.”

ஞானதீபத்தின் கை ஒரு நொடி நின்றது. கங்காணி அவன் ஆள்தான். மெஷின் யாருடைய ஆள்? இந்த மடையனுக்கு அது இன்னும் மண்டையில் ஏறவில்லை. இங்கிருந்து வேன் ரோட்டைச் சுற்றி, மெயின் கேட் வழியாக மோட்டார் ரூமுக்குப் போகப் பதினைந்து நிமிஷம். வரப்பு வழியாகச் சைக்கிளுக்கு எட்டே நிமிஷம். ஒட்டு பிடித்தாயிற்று. டயரை மாட்ட இரண்டு நிமிஷம் போதும், இப்போதே கிளம்பலாம்.

அவள் கிளம்பவில்லை. டயரை மெதுவாக மாட்டினாள். மாட்டினதைச் சரியில்லை என்று கழற்றினாள். நட்டை முறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி முறுக்கினாள். நெற்றியில் அடித்துக்கொண்டு, முடியவில்லை என்பது போல ஒரு தடவை வேனை ஏறிட்டுக்கூடப் பார்த்தாள். செல்லப்பாண்டி முகம் மலர்ந்துபோயிற்று. ஜன்னலில் செல்வராணி முகம் தெரிந்தது. ‘போயிருங்க, நேரமாச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினோரு பேருக்கும் அன்றைய வேலை தப்பும். அது ஞானதீபத்துக்குத் தெரியும். சொல்லலாமா என்றும் நினைத்தாள். இதே ரோட்டில் அந்தப் பதினோரு வாயும் மூடிக் கிடந்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

ஐந்து நாற்பத்தொன்பதுக்குக் காற்றடித்து, பையைக் கட்டி, சைக்கிளை வரப்பில் ஏற்றினாள். செல்லப்பாண்டி வேனை ஸ்டார்ட் செய்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வரப்பு குறுகல், இரண்டு பக்கமும் பாத்தி, தவறினால் உப்புத் தண்ணீரில்தான் விழ வேண்டும். பெடலில் எழுந்து நின்று மிதித்தாள். ஒட்டு நின்றது. மெஷின் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு முகத்தைக் காட்டியபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. மெஷின் அவளைத் தெரியும் என்று சொன்னது.

வேன் வந்து நின்றது ஆறு ஐந்துக்கு. பதினோரு பேரும் ஓடிவந்தார்கள். மெஷின் ஒருத்தியையும் பார்க்கவில்லை. செல்லப்பாண்டி கங்காணியின் தோளில் கையைப் போட்டுப் பேசினான். கங்காணி கம்பெனிக்குப் போன் செய்தான். கம்பெனி முடியாது என்றது. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் செல்லப்பாண்டியைப் பேசின பேச்சை எழுத்தில் போட முடியாது. ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். அவன் வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

செல்வராணி மட்டும் ஞானதீபத்தின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

“நீ வேணும்னே நேரத்தக் கடத்துன. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எங்க வயித்துலயும் சேத்து அடிச்சிட்டியே, நல்லாருப்பியா நீ?”

“ஏளா, அன்னைக்கு என்ன நடுரோட்டுல எறக்கிவிட்டானே, அப்பம் இந்த வாயி எங்கன போச்சு?”

வேறு வழியில்லாமல் எல்லாரும் அதே வேனில் ஏறினார்கள். வேன் நகர்ந்தது. நகர்ந்த வேன் ஜன்னலிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்துவந்து, ஞானதீபத்தின் காலடியில் வரப்பில் விழுந்து உருண்டது.

“இருந்த தண்ணியெல்லாம் டியூப்புக்கு ஊத்திட்டு நிக்கா மூதேவி! குடிச்சித் தொல!” என்று செல்வராணி கத்தினாள்.

ஞானதீபம் அதை எடுக்கவில்லை. அப்படி ஒன்றும் தாகம் பெருகிவிடவில்லை என்று வாருபலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். பன்னிரண்டு பேர் வாரும் பாத்தியில் அவள் ஒருத்தி. கங்காணி நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு உதடு காய்ந்தது. ஒன்பதுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பத்து மணிக்கு வெயில் தண்ணீரிலும் உப்பிலும் பட்டு முகத்தில் அடித்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. வரப்பில் ஏறி, பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்தாள். தண்ணீர் கொதித்துக் கிடந்தது. செல்வராணியை, அவள் அம்மாவை, அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டை எல்லாம் வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.